“ஹிந்திக்காரங்களுக்கு வீடு தர்றதில்ல”ங்கிறவங்ககிட்ட உக்காந்து பேசுறது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருப்பூர்ல எந்தச் சந்துக்குள்ள போனாலும் லைன் வீட்டு கேட்டுல பாக்கலாம், “வீடு வாடகைக்கு, ஃபேமிலி மட்டும், ஹிந்திக்காரங்க வேண்டாம்”னு சாக்பீஸ்ல எழுதி வெச்சிருப்பாங்க. அப்படி எழுதினவங்ககிட்ட சண்டை போடாம, நம்ம வாழ்க்கைல நடந்ததைச் சொல்லி, அவங்க வாழ்க்கைல நடந்ததைக் கேட்டு, அந்த வெறுப்பைக் கொஞ்சம் இளக்குற ஒரு பேச்சு முறை இருக்கு. அதைத்தான் இங்க படிப்படியா எழுதறேன். புதுசா வர்ற பசங்களைக் கூட்டிட்டுப் போயி பக்கத்துல நின்னு பாக்கறதுதான் என் வேலைங்கறதால, எங்க சறுக்குறாங்கன்னு ஓரளவு தெரியும். பேசத் தெரியாம சறுக்குறவங்க கம்மி, முன்ன பேச வேண்டியதைப் பின்ன பேசி சறுக்குறவங்கதான் அதிகம்.

வீட்டு வாடகையை உதாரணமா எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான். திருநங்கைக்குக் கடையில வேலை தர மாட்டேங்கிறவங்க, சாதி கேட்டுட்டு சாவி கொடுக்கறவங்க, இவங்ககிட்ட பேசவும் இதே வரிசைதான், கதை மட்டும் மாறும்.

இது நம்ம ஊர்ல கண்டுபிடிச்சதில்ல. 2008 நவம்பர்ல கலிஃபோர்னியால ஒரே பாலினத் திருமணத்துக்கு எதிரான ஓட்டெடுப்பு ஜெயிச்சிருச்சு. அதுக்கப்புறம் ஓரினச்சேர்க்கையாளர்கள், திருநர்களுக்காக வேலை செய்யற லாஸ் ஏஞ்சலஸ் எல்ஜிபிடி சென்டர் ஆளுங்க, தங்களுக்கு எதிரா ஓட்டு விழுந்த ஏரியாவுக்கே போயி கதவைத் தட்டிப் பேசிப் பேசி உருவாக்கின முறை இது. இதைத் தேடுனா “போலி ஆய்வு”ன்னு ஒரு செய்தியும் வரும், அது உண்மைதான், முதல்ல வந்த ஆய்வுல டேட்டாவே பொய்னு தெரிஞ்சு 2015ல வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா அந்தப் பொய்யை வெளிய கொண்டுவந்த அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா ரெண்டு பேருமே மயாமில திருநர் விஷயமா சொந்தமா சோதனை செஞ்சு 2016ல எழுதினாங்க, சுமார் 10 நிமிஷப் பேச்சோட தாக்கம் 3 மாசம் கழிச்சும் இருந்துச்சுன்னு. இதை முதல்லயே சொல்லிடறேன், பேசிட்டு இருக்கறப்ப பாதியில யாராவது போனைக் காட்டி “இது ஃப்ராடாம்ல”ன்னா முழிக்காம இருக்கலாம்.

1. யார்கிட்ட பேசப் போறோம், எதைக் கேக்கப் போறோம்

பொத்தாம் பொதுவா “வடமாநிலத்துக்காரங்களைப் பத்தி”ன்னு பேசப் போகாதீங்க. காலியா இருக்கற ஒரு ரூமு, அதைக் கொடுக்க முடிவெடுக்கற ஒரு ஆளு, இது ரெண்டும் இருந்தாத்தான் பேச்சுக்கு ஒரு புடி கிடைக்கும். பொதுவா பேசுனா அவங்களும் பொதுவாவே பதில் சொல்லி, “நாடு கெட்டுப் போச்சுங்க”ன்னு முடிச்சிருவாங்க.

ஆளைத் தேர்ந்தெடுக்கறதுல ஒரு விஷயம். மைக் கிடைச்சா வெறுப்பு பேசறவரு, அதை வெச்சே பேரு வாங்கினவரு, இவங்க பக்கம் போயி நேரத்தை வீணாக்காதீங்க, அவங்களுக்கு நாலு பேரு பாக்கறாங்கங்கறதுதான் முக்கியம், நீங்க பேசறது அவங்க காதுக்கே போகாது. கேட்டுல எழுதி வெச்சிருந்தாலும் நீங்க போனா “வாங்க தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா”ன்னு கேக்கறவங்கதான் நம்ம ஆளு. அவங்கதான் நிறைய பேரு.

2. போறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

உங்க சொந்தக் கதை ஒண்ணு. அனுமதி வாங்கின இன்னொருத்தர் கதை ஒண்ணு. அரை மணி நேரம். கூட ஒரு ஆளு, அதுக்கு மேல வேண்டாம், மூணு பேரா போயி நின்னா ஏதோ கட்சிக்காரங்க வசூலுக்கு வந்திருக்காங்கன்னு நினைச்சுக்குவாங்க.

எந்நேரம் போறோங்கறதும் முக்கியம். காலையில தண்ணி வர்ற நேரம், சாயங்காலம் சீரியல் நேரம், மாசம் பொறந்து வாடகை வசூல் பண்ற நாளு, இதெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு நாலரை மணி நல்ல நேரம். அவங்க மட்டும் இருக்கறப்ப பேசுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க நின்னுட்டு இருந்தா, மனசு இளகினாலும் அவங்க முன்னாடி இறங்கி வர மாட்டாங்க, அது மனுச சுபாவம்.

ஒண்ணை மட்டும் கண்டிப்பா பண்ணாதீங்க, வீடு தேடற பையனையே கூட்டிட்டுப் போயி முன்னாடி நிறுத்தறது. “பாருங்க எவ்வளவு நல்ல பையன்”னு காட்டுறதா நினைப்பாங்க. ஆனா அவன் முன்னாடியே “இவிங்க நாத்தம்”னு ஒரு வார்த்தை வந்துருச்சுன்னா அதை வாங்கிட்டு நிக்கப் போறது அவன்தான். அவனா விரும்பி வந்து பேசறேன்னா அது வேற.

3. உங்க கதையைத் தயார் பண்றது

இதுக்குத்தான் அதிக நேரம் செலவழிக்கணும். புதுசா வர்றவங்க “எனக்கு கதையே இல்லீங்களே”ம்பாங்க. வெறுப்பை வாங்கின கதைதான் வேணும்னு இல்ல. நம்மளை ஒரு இடத்துல வெளியாளா பாத்த கதை, நமக்கு வேண்டியவங்களை யாரோ ஏளனமா பேசின கதை, முன்பின் தெரியாத ஒருத்தர் நமக்கு உதவின கதை, இதுல ஏதாவது ஒண்ணு எல்லார்கிட்டயும் இருக்கும். வீட்டுல துபாய் போன சித்தப்பா, சிங்கப்பூர் போன மாமா, தாராவில தோல் பட்டறையில வேலை பாத்த தாத்தா யாராவது இருப்பாங்க, அவங்ககிட்ட ஒரு போன் போட்டுக் கேளுங்க.

கதைக்கு நான் வெச்சிருக்கற அளவு இதுதான்: ஒரே நாளு, ஒரே இடம், ரெண்டு மூணு ஆளுங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடியணும், கண்ணால பாத்த பொருள் ஒண்ணு அதுல இருக்கணும். “நாங்க ரொம்பக் கஷ்டப்பட்டோம், எங்களை மதிக்கல”ங்கறது கதையில்ல, அது புகார். கேக்கறவங்களுக்கு அதுல பாக்க ஒண்ணும் இல்ல.

என் கதை இது, மாதிரிக்காக அப்படியே தர்றேன்:

“எங்கப்பா ராமநாதபுரம் பக்கமிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவருங்க. நான் நாலாவது படிக்கறப்ப வீடு பாக்கப் போனோம். ஒரு வீடு புடிச்சிருந்துச்சு, அந்தம்மா சாவியையும் கொடுத்துட்டாங்க. அப்புறம் எந்த ஊருன்னு கேட்டாங்க. அப்பா ஊரைச் சொன்னதும், தெக்கத்தி ஆளுங்களுக்குத் தர்றதில்லீங்க, அருவா தூக்குவீங்கன்னு சொல்லி சாவியை வாங்கிட்டாங்க. அப்பா ஒண்ணுமே பேசல. நான் சைக்கிள் கேரியர்ல ஏறி உக்காந்துட்டேன், அவரு ஏறி ஓட்டாம வீடு வரைக்கும் தள்ளிட்டே வந்தாரு. ஏன்ப்பா ஓட்டலைன்னு கேட்டேன், காத்து கம்மியா இருக்குன்னாரு. காத்து நல்லாத்தான் இருந்துச்சுங்க.”

இதோட நிறுத்திருவேன். இதுக்கு மேல “அதனாலதான் சொல்றேன், நாமளும் இப்படிப் பண்ணலாமா”ன்னு ஒரு வால் ஒட்டத் தோணும், ஒட்டாதீங்க. அந்த வால் வந்த உடனே கதை கேட்டுட்டு இருந்தவங்க எச்சரிக்கையாகி, ஓ இதுக்குத்தான் சொன்னியான்னு முகத்தை மாத்திக்குவாங்க.

ரெண்டாவது கதை, யாரைப் பத்திப் பேசறோமோ அவங்களுடையது. இது இல்லாம போகாதீங்க. ப்ரூக்மன், கல்லா ஆளுங்க பின்னாடி செஞ்ச சோதனைகள்ல, ஒதுக்கப்படறவங்க என்ன அனுபவிச்சாங்கங்கறதைக் காது கொடுத்துக் கேக்கறதுக்குத்தான் நிலைச்சு நிக்கற பலன் தெரிஞ்சுது. “நீயும் ஒருநாள் இப்படி இருந்திருப்பல்ல”ன்னு ஒப்பிட வெக்கறது மட்டும் பத்தாது.

நான் சொல்றது எங்க ஏரியால பவர் டேபிள்ல, அதாவது பனியன் தைக்கற மெஷின்ல, வேலை பாக்கற பீகார் பையன் ஒருத்தன் கதை. 2023 மார்ச்சுல, தமிழ்நாட்டுல பீகார்காரங்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சே, அந்த வாரம் அவங்கம்மா ஊர்ல இருந்து போன் மேல போன். இவன் கம்பெனிக்குள்ளயே வீடியோ கால் போட்டு, பாரும்மா மெஷின் ஓடுது, எல்லாரும் வேலை பாக்கறோம்னு காட்டியிருக்கான். அந்தம்மா நம்பல. சட்டையைக் கழட்டுன்னு சொல்லி, முன்னாடி காட்டு, திரும்பு, முதுகைக் காட்டுன்னு பாத்துட்டுத்தான் அழுகையை நிறுத்தியிருக்காங்க. கூட மெஷின்ல வேலை பாத்துட்டு இருந்தவங்க எல்லாம் பாத்துட்டு இருந்தாங்களாம். இதை நான் வெளிய சொல்லலாமான்னு அவன்கிட்ட கேட்டேன், பேரு வேண்டாம், கதையைச் சொல்லிக்கோன்னுட்டான். இந்த மாதிரி கேக்காம அடுத்தவங்க கதையை எடுத்துட்டுப் போகாதீங்க, கேட்டாலும் ஊரு, கம்பெனி, அடையாளம் எதையும் சொல்லாதீங்க. திருநங்கை கதையோ சாதிக் கதையோ ஆனா இது இன்னும் ரெண்டு மடங்கு முக்கியம், ஒரு வார்த்தையில அவங்க வேலை போயிரும்.

கதையை வீட்டுல யார்கிட்டயாவது சத்தமா சொல்லிப் பாருங்க. மனப்பாடம் வேண்டாம், மனப்பாடம் பண்ணினது கேக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சுரும்.

4. முதல் கேள்வியும் பத்துக்கு மார்க்கும்

யாரு நீங்க, எதுக்கு வந்தீங்கன்னு ரெண்டு வரில சொல்லிட்டு, நேரா கேளுங்க: “அக்கா, இந்த ரூமை வடமாநிலத்துல இருந்து வந்தவங்களுக்கு விட உங்களுக்கு எந்தளவுக்கு இஷ்டம்? சுத்தமா முடியாதுன்னா சைபரு, தாராளமா விடலாம்னா பத்து, நீங்க எத்தனை சொல்வீங்க?”

எதுக்கு நம்பர்னா, ஆமா இல்லைன்னு கேட்டா “இல்ல”ன்னு ஒரே வார்த்தையில கதவு மூடிரும். நம்பர் கேட்டா சைபர்னு சொல்றவங்க கொஞ்சம் பேருதான், ரெண்டு மூணுன்னு வரும். ரெண்டுன்னா ஏதோ ஒரு ரெண்டு அவங்க மனசுல இருக்குன்னு அர்த்தம். கடைசியில திரும்பக் கேக்கறப்ப எங்க இருந்தாங்க எங்க வந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியும்.

நம்பர் சொன்னதும் அடுத்த கேள்வி “ஏங்க்கா ரெண்டு?”. அவ்வளவுதான். “ஏன் ரெண்டு மட்டும்?”னு கேக்காதீங்க, அந்த “மட்டும்”ல வாத்தியார் வந்துருவாரு. அவங்க சொல்ற நம்பருக்கு உங்க முகத்துல ரியாக்‌ஷன் காட்டாதீங்க, நல்ல நம்பருக்கும் சேத்துத்தான் சொல்றேன், எட்டுன்னதும் “சூப்பர்க்கா”ன்னா, மார்க் போடத்தான் வந்திருக்கோம்னு புரிஞ்சுக்குவாங்க, அப்புறம் உண்மை வராது.

5. கேக்கறது, திருத்தாம கேக்கறது

இங்கதான் பாதிப்பேரு அவுட்டாகறாங்க. அக்கா சொல்ல ஆரம்பிப்பாங்க, “ரூமுக்கு ரெண்டு பேருன்னு சொல்லி எட்டு பேரு படுக்கறாங்க, டேங்க் தண்ணி ஒரே நாள்ல காலி, செவுரெல்லாம் பான்பராக்கு, திருட்டெல்லாம் இவிங்க வந்தப்புறந்தான் தம்பி”. இதுல கடைசி வரியைக் கேட்டதும் நம்ம பசங்களுக்கு உடம்பு துடிக்கும், உடனே “அது தப்புங்க்கா, போலீஸ் ரெக்கார்டுல”ன்னு ஆரம்பிச்சிருவாங்க. முடிஞ்சுது. இனிமேல் அக்கா தன் கட்சிக்கு வக்கீல் ஆயிருவாங்க, நீங்க ஒண்ணு சொன்னா அவங்க ரெண்டு சொல்வாங்க, பேசப் பேச அவங்க கருத்து அவங்களுக்கே இன்னும் உறுதியாயிரும்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்ல. அதே கல்லாவும் ப்ரூக்மனும் அமெரிக்காவுல செஞ்சு 2020ல வெளிவந்த சோதனைகள்ல 7 இடங்கள்ல 230 பேரு 6,869 வாக்காளர்கள்கிட்ட பேசினாங்க, வெளிநாட்டுல இருந்து பேப்பர் இல்லாம வந்தவங்களைப் பத்தியும் திருநர்களைப் பத்தியும். அதுல ஒரு சோதனையில, வாதம் மட்டும் வெச்சுப் பேசின பேச்சுக்கு எந்தப் பலனும் இல்ல. அதே பேச்சோட, குறை சொல்லாம கதை பரிமாறிக்கறதையும் சேத்தப்பதான் மாற்றம் வந்து குறைஞ்சது நாலு மாசம் நின்னுச்சு. மாற்றம் சின்னதுதான், அதையும் சொல்லிடறேன், ஒரே பேச்சுல ஆளே தலைகீழா மாறிருவாங்கன்னு எதிர்பாத்துப் போனா ரெண்டாவது வாரமே சலிச்சுப் போயிரும்.

அப்ப தப்பான தகவலைக் கேட்டுட்டு என்ன பண்றது? “அப்படிங்களா, உங்களுக்கே நடந்துச்சாங்க்கா, இல்ல யாராவது சொன்னாங்களா?”ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வி ரொம்ப வேலை செய்யும். திருட்டு பக்கத்துத் தெருவுல யாரோ சொன்னது, எட்டு பேரு படுத்தது மட்டும் அவங்க வீட்டுலயே நடந்ததுன்னு அவங்களே பிரிச்சுச் சொல்வாங்க. நாம பிரிச்சா சண்டை, அவங்க பிரிச்சா யோசனை.

திருத்தலைன்னா ஒத்துக்கிட்டதா ஆகாதான்னு பசங்க கேப்பாங்க. தலையை ஆட்டி “ஆமாங்க, கரெக்டுங்க”ன்னு சொன்னாத்தான் ஒத்துக்கிட்டது. “ம்”, “சொல்லுங்க்கா”, “அப்புறம்?” இதெல்லாம் கேக்கறது. ஆனா ஒரு எல்லை உண்டு, யாரையாவது அடிக்கணும் விரட்டணும்னு பேச்சு போச்சுன்னா கதை சொல்லிட்டு நிக்காம கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிருங்க.

6. இப்ப உங்க கதை

அவங்க மனசுல இருந்ததைக் கொட்டினதுக்கு அப்புறம்தான் நம்ம கதை. முன்னாடியே சொல்லிட்டா அவங்க வயித்துல இருக்கறது அப்படியே நிக்கும், நம்ம கதை உள்ள போக இடம் இருக்காது.

கதைக்குள்ள போறதுக்கு ஒரு படி வேணும். “நீங்க சொன்னதும் எங்கப்பா ஞாபகம் வந்துருச்சுங்க்கா, சொல்லட்டுங்களா?” அவங்க “சொல்லுங்க”ன்னதும் சொல்லுங்க. முன்னாடி எழுதின சைக்கிள் கதையை நான் இங்கதான் சொல்வேன்.

கொங்குப் பக்கத்து ஆளுங்ககிட்ட அந்தக் கதையைச் சொல்றதுல ஒரு சிக்கல் இருக்கு, சாவியை வாங்கின அம்மாவும் அவங்க ஊருதான். அதனால அந்தம்மாவை வில்லியாக்காம சொல்லணும். “அந்தம்மா மேல கோவமில்லீங்க, அவங்களுக்கு யாரோ என்னமோ சொல்லியிருப்பாங்க”ன்னு நான் நடுவுல சேப்பேன். கேக்கறவங்க ஒருவேளை அதே மாதிரி செஞ்சிருப்பாங்க, கதையில அந்த ஆளைத் திட்டினா இவங்களைத் திட்டின மாதிரி.

7. அவங்க கதையை வாங்கறது

உங்க கதை முடிஞ்சதும் கேக்க வேண்டியது ஒரே கேள்வி: “உங்களுக்கோ உங்க வீட்டுல யாருக்காவதோ இந்த மாதிரி, யாருன்னே தெரியாம ஒதுக்கி வெச்சது நடந்திருக்குங்களா?” கேட்டுட்டு வாயை மூடிக்கோங்க.

இந்த அமைதி ரொம்பக் கஷ்டமா இருக்கும். கூட வர்ற பசங்க அஞ்சு செகண்டு தாங்க மாட்டாங்க, உடனே “இல்லீங்க்கா, உதாரணத்துக்கு சொல்றேன்”னு இழுப்பாங்க. விடுங்க, அவங்க யோசிச்சுட்டு இருக்காங்க. “அப்படி ஒண்ணும் இல்லீங்க”ன்னு முதல்ல வரும், அதுக்கப்புறமும் கொஞ்சம் இருங்க.

ஒரு அக்கா அப்படித்தான், ஒண்ணும் இல்லைன்னுட்டு முறத்துல இருந்த கீரையை ஆய்ஞ்சுட்டே இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களா, “எம்பையன் பெங்களூர்ல இருந்தான் தம்பி, அந்தக் காவேரி பிரச்சினையில பஸ்ஸெல்லாம் கொளுத்தினாங்கள்ல, அப்ப”ன்னு ஆரம்பிச்சாங்க. 2016 செப்டம்பர். பையன் ரூமுக்குள்ள லைட்டை அணைச்சுட்டு உக்காந்திருந்தானாம், பைக்ல தமிழ்நாட்டு நம்பர்ங்கறதால அதை வெளிய நிறுத்த பயந்துட்டு நின்னப்ப, ஹவுஸ் ஓனரு, கன்னடக்காரரு, தன் கார் ஷெட்டைத் திறந்து பைக்கை உள்ள தள்ளி தார்ப்பாய் போட்டு மூடியிருக்காரு. “மூணு நாளும் அவரு வீட்டுச் சாப்பாடு தம்பி, பேரு கூட எனக்குத் தெரியாது”ன்னாங்க.

அவங்க இப்படிச் சொல்றப்ப நம்ம வேலை ஒண்ணுதான், இன்னும் கேக்கறது. “அப்ப உங்களுக்கு எப்படிங்க்கா இருந்துச்சு?”, “போன் பண்ண முடிஞ்சுதுங்களா?” இந்த மாதிரி. நம்ம பாயிண்டுக்குப் பொருந்துதேன்னு சந்தோஷத்துல குறுக்க பாய்ஞ்சு “பாத்தீங்களா, அதே மாதிரிதான் இந்தப் பீகார் பசங்களும்!”னு சொன்னீங்கன்னா எல்லாம் போச்சு. அவங்க பையனோட பயத்தை எடுத்து அவங்க மேலயே எறிஞ்ச மாதிரி ஆயிரும்.

8. ரெண்டையும் சேக்கறது அவங்க வேலை

அவங்க கதை ஓய்ஞ்சதும் ரெண்டாவது கதையைச் சொல்லுங்க, அந்த வீடியோ கால் கதை. அப்புறம் திறந்த கேள்வி ஒண்ணு: “இதையெல்லாம் கேக்கறப்ப உங்களுக்கு என்ன தோணுதுங்க்கா?”

சில பேரு உடனே சேத்துருவாங்க. அந்தக் கீரை அக்கா, “முதுகைக் காட்டச் சொன்னாங்களா”ன்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டாங்க, வேற ஒண்ணும் சொல்லல. சில பேரு “அது வேற, இது வேற தம்பி”ம்பாங்க. ஏன் வேறன்னு கேளுங்க, நிஜமாவே வேறயாவும் இருக்கும். பெங்களூர்ல வேலை பாக்கற பையனோட கஷ்டமும், கான்ட்ராக்ட்காரன்கிட்ட மாட்டிட்டு ஒண்ணரை ஷிப்ட் பாக்கற பையனோட கஷ்டமும் ஒண்ணில்ல. ஒண்ணுதான்னு நாம அடிச்சுப் பேச வேண்டியதில்ல.

9. நிஜமான கவலைக்கு நிஜமான பதில்

இப்பத்தான் தகவல், விவரம், கணக்கு எல்லாம். முன்னாடி இதைப் பேசினா வாதம், இப்பப் பேசினா அதே விஷயம் உதவியாயிரும்.

எட்டு பேரு படுக்கறதுங்கறது வெறுப்புல சொல்றதில்ல, தண்ணிக் கஷ்டம் தெரிஞ்சவங்க சொல்றது. அதுக்கு “அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க”ன்னு உத்தரவாதம் கொடுக்காதீங்க, உங்களால அதைக் காப்பாத்த முடியாது. எத்தனை பேரு தங்கலாம்னு அக்ரிமெண்ட்ல எழுதிக்கறது, ஆளுக்கொரு ஆதார் ஜெராக்ஸ் வாங்கறது, ஸ்டேஷன்ல வாடகைக்காரங்க விவரம் கொடுக்கறது, தண்ணிக்கும் கரெண்டுக்கும் தனியா கணக்கு வெக்கறது, இதெல்லாம் சொல்லுங்க. கூடவே, இதே ரூல் தமிழ் ஆளுங்களுக்கும் வெச்சாத்தான் சரியா இருக்கும்னு ஒரு வார்த்தை. பாஷை பிரச்சினைன்னா, ஏற்கனவே கொஞ்ச வருஷமா இங்க இருந்து தமிழ் பேசற ஆளு ஒருத்தரோட போன் நம்பரை, அவரு சம்மதத்தோட கொடுங்க, ஏதாவதுன்னா அவருகிட்ட பேசிக்கட்டும்.

உங்களுக்குத் தெரியாததைக் கேட்டா தெரியலைன்னு சொல்லுங்க, விசாரிச்சுச் சொல்றேன்னா விசாரிச்சுச் சொல்லுங்க.

10. திரும்பவும் நம்பர், அப்புறம் கிளம்பறது

“முதல்ல ரெண்டு சொன்னீங்கக்கா, இப்ப எத்தனை சொல்வீங்க?” ரெண்டே இருந்தாலும் பரவால்ல, “ஏன் மாறல?”ன்னு கேக்காதீங்க. மாறியிருந்தா மட்டும் “எதனாலங்க்கா?”ன்னு கேளுங்க, அவங்க வாயாலயே காரணத்தைச் சொல்றப்ப அது அவங்களுடையதாயிரும். கீரை அக்கா நாலுன்னாங்க. “குடும்பமா வந்தாப் பாக்கலாம், ஒண்டிக்கட்டைப் பசங்கன்னா இன்னும் யோசனையாத்தான் இருக்கு”ன்னாங்க. ரெண்டுல இருந்து நாலு, நல்ல நாளுதான் அது.

அங்கயே “அப்ப நாளைக்கே ஒரு ஃபேமிலியைக் கூட்டிட்டு வரட்டுங்களா”ன்னு புடிக்காதீங்க. புரோக்கர் வேலையா இதுன்னு சந்தேகம் வந்துரும், அதுக்கப்புறம் கதையெல்லாம் பொய்யாத் தெரியும். நன்றி சொல்லிட்டு, போன் நம்பர் கொடுத்துட்டு வந்துருங்க.

வெளிய வந்ததும் பத்தடி தள்ளி நின்னு கூட வந்தவரோட மூணு விஷயம் குறிச்சுக்கோங்க: முதல் நம்பர், கடைசி நம்பர், அவங்க சொன்ன கதை ஒரு வரி. வீட்டுக்குப் போயி எழுதலாம்னா நாலு வீட்டுக் கதையும் கலந்துரும்.

11. வீட்டு ஆளுங்ககிட்டன்னா

சொந்தக்காரங்ககிட்ட இதைப் பண்றது வெளியாளுங்ககிட்ட பண்றதை விடக் கஷ்டம். பெரியப்பாவுக்கு உங்க கருத்து என்னன்னு ஏற்கனவே தெரியும், வாயைத் திறந்தாலே “வந்துட்டாண்டா”ம்பாரு. அங்க மார்க் கேக்கற வேலையெல்லாம் எடுபடாது, பேட்டி எடுக்கற மாதிரி இருக்கும். நேரா ஏழாவது படிக்குப் போயிருங்க, “நீங்க முதமுதல்ல வெளியூர் வேலைக்குப் போனப்ப எங்க பெரியப்பா தங்குனீங்க, யாரு வீடு கொடுத்தா?”ன்னு கேளுங்க. 1966ல பம்பாயில சிவசேனா ஆரம்பிச்சு, மதராஸிங்க வேலையைப் புடுங்கிட்டாங்கன்னு தென்னிந்தியர்களை விரட்டின காலத்துல அங்க இருந்தவங்க, அவங்க பிள்ளைங்க இன்னும் எத்தனையோ வீட்டுல இருக்காங்க. கேட்டாத்தான் சொல்வாங்க.

கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு, இங்கெல்லாம் ஆரம்பிக்காதீங்க. ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல கண்டிப்பா வேண்டாம், அங்க எல்லாரும் பாக்கறாங்க, யாரும் இறங்கி வர மாட்டாங்க. தூரத்துல இருக்கறவங்கன்னா போன் போட்டுப் பேசுங்க. 2020ல வந்த அதே சோதனைகள்ல போன்ல பேசினதுக்கும் பலன் இருந்துச்சு. சாயங்காலம் அவங்க வாக்கிங் போற நேரமாப் பாத்துக் கூப்பிடுங்க, கையில வேற வேலை இருக்காது, பக்கத்துல ஆளும் இருக்க மாட்டாங்க.